கமரா பிடிக்கும் கைக்கு எதற்கு முற்பணம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. பித்தப்பையில் கற்கள் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மட்டக்களப்பில் லப்பரஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளை வழியே கமராவை விட்டு, எடுக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஊரில் ஒருவர், "இங்கே மனிதர் கமரா பிடிப்பார், கை நடுங்கும். சென்னையில் ரோபோ பிடிக்கிறது, பிழையே வராது" என்று சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு மகள், களுவாஞ்சிக்குடி)

கொடுக்காதீர்கள், மகள்.

ரோபோ என்றதும், இயந்திரம் தானாகவே வெட்டித் தைத்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். அவர் சொல்வது முழு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது செய்வது ஒரே வேலை: கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இந்தச் சிகிச்சையில் வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றி, மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, அவற்றில் ஒன்றின் வழியே ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய்க் கமராவை உள்ளே விடுவோம். சத்திரசிகிச்சை நிபுணரின் இரண்டு கைகளிலும் கருவிகள் இருப்பதால், கமராவை இளைய வைத்தியர் ஒருவர் பிடிப்பார். நேரமாக ஆகக் கை சோரும், படம் சரியும், கமராவின் முனை கொழுப்பில் முட்டி மங்கும். நானும் பிடித்திருக்கிறேன், ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கைக்குப் பதிலாக வந்ததுதான் இயந்திரக் கை. 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஈசாப் இதற்கு முன்னோடி. அதன் பிந்திய வடிவங்கள் வைத்தியரின் குரலுக்கு அசைந்தன. அவருடைய தலையசைப்புக்கு நகரும் கருவிகளும் பின்னர் வந்தன. படம் ஆடாமல் நிற்கும், அது நல்லதுதான். ஆனால் மங்கிய கண்ணாடியை அந்தக் கை தானே துடைத்துக்கொள்ளாது. கருவிகளையும் பிடிக்கும் டா வின்சி போன்ற பெரிய இயந்திரத்திலும், பக்கத்தில் அமர்ந்து அதை இயக்குபவர் வைத்தியரே.

பித்தப்பையை எடுக்கும்போது எங்கள் பயம் கமரா நடுங்குவதைப் பற்றியதல்ல. பித்தப்பையின் சிறு குழாய் என்று எண்ணிப் பிரதான பித்தக் குழாயை வெட்டிவிடுவோமோ என்பதுதான் பயம். இரண்டையும் பிரித்துக் கண்ட பிறகே வெட்ட வேண்டும். தெளிவாகத் தெரியாவிட்டால், வயிற்றைத் திறந்து செய்வதற்கும் தயங்கக் கூடாது. அந்தப் பொறுமை எந்த இயந்திரத்தோடும் கூட வருவதில்லை.

இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கிளினிக் வாசலில் ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லும்போது நோயைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்வார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், வைத்தியசாலை எல்லாம் ஒரே தொகை என்பார்கள், பற்றுச்சீட்டு மட்டும் தரமாட்டார்கள். அவர்களை வளர்த்துவிட்டவர்களும் நாங்கள்தான். ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கச் சொல்லும் கிளினிக்கில், கல் என்றால் என்ன, ஏன் காத்திருக்கலாம் என்று யாருக்கும் ஐந்து நிமிடம் சொல்ல முடிவதில்லை. தமிழ் மட்டுமே வாசிக்கும் தாயின் கையில் ஆங்கில அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் தரகரிடம் போனாரே என்று குறைப்படுகிறோம்.

ஒரு நிலைமை மட்டும் வேறு, அதைக் கவனமாக வாசியுங்கள். கல் பித்தப்பையிலிருந்து நழுவிப் பிரதான பித்தக் குழாயில் இறங்கிவிடலாம். அப்போது அம்மாவின் கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போகும், மலம் வெளிறும். ஊரில் செங்கமாரி என்று கீழ்க்காய் நெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். இது அந்தச் செங்கமாரி அல்ல, அடைப்பு. கூடவே குளிர்க் காய்ச்சலும் வந்தால், நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். குழாயில் சிக்கிய கல்லைப் பெரும்பாலும் வாய் வழியே குழாய்க் கமராவை விட்டு முதலில் எடுத்துவிட்டு, பித்தப்பையைப் பிறகு எடுப்பார்கள். அதற்கு வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், வார்ட் வைத்தியரே கடிதம் எழுதி அனுப்புவார். அந்தப் பயணம் நியாயமானது. அப்போதும் தரகர் தேவையில்லை. கண் மஞ்சளாகவில்லை, ஆனால் வலி மட்டும் மணிக்கணக்கில் விடாமல் நிற்கிறது என்றாலும் கிளினிக் திகதி வரும்வரை பொறுக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக்கில் பிரதான பித்தக் குழாயில் கல் இருக்கிறதா, சத்திரசிகிச்சை எந்த மாதம் என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் நகராதீர்கள். தரகர் மறுபடி வந்தால், சென்னையில் கத்தியைப் பிடிக்கப்போகும் வைத்தியரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தின் பெயரைத்தான் சொல்வார்.