தாத்தா 'மண்டையைப் போட்டார்' என்று எழுதுவோமா?

கேள்வி: ஆங்கில மரபுத்தொடர்கள் 500 அடங்கிய புத்தகம் ஒன்றைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் பேசும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை. அடுத்த மாதம் ஐ.டி. கம்பெனியில் இன்டர்வியூ. இன்னும் எத்தனை படித்தால் சரளமாகப் பேச வரும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள், அம்மா. அதில் ஒவ்வொரு தொடருக்கும் எதிரே அர்த்தம் இருக்கும். அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்லலாம் என்பது இருக்காது. மரபுத்தொடருக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்தார். தாத்தா இறந்ததைச் சொல்ல 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 'கிக் த பக்கெட் – இறந்துபோதல்'. அடியில் பென்சில் கோடு. அர்த்தம் சரிதான். ஆனால் தமிழில் அதற்கு நேரான பேச்சு 'மண்டையைப் போட்டார்'. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போயிற்று. தாத்தா மேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை. காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார், மண்டையைப் போட்டார்... எதை எங்கே சொல்வது என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. காதால் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலமும் அப்படித்தான் வரும்.

அப்புறம், தொடர் எங்கே பிறந்தது என்று பாருங்கள். 'வொயிட் எலிஃபெண்ட்' என்றதும் நமக்கு ஐராவதம் நினைவுக்கு வரும். ஏதோ பெருமையான பொருள் என்று நினைத்துவிடுவோம். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், வெள்ளை யானை புனிதமானது. வேலை வாங்க முடியாது, தீனி மட்டும் போட்டாக வேண்டும். ராஜா தனக்குப் பிடிக்காதவருக்கு அதைப் பரிசாகக் கொடுத்து ஓட்டாண்டியாக்கிவிடுவார் என்று சொல்லப்பட்ட கதையிலிருந்து வந்த தொடர் இது. நாம் 'யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி' என்கிறோமே, அதேதான். இப்படி நம்முடைய தொடரோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்கவே மறக்காது.

உங்கள் வேலைக்கு இன்னொன்றும் முக்கியம். ஆங்கிலேயர்கள் இக்கட்டான நிலையை 'ஸ்டிக்கி விக்கெட்' என்பார்கள். பிட்ச்சை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்றே தெரியாது. பேட்ஸ்மேன் திண்டாடிப் போவார். கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இது சட்டென்று புரியும், அமெரிக்கர்கள் பலருக்குப் புரியாது. அவர்களுடையது பேஸ்பால். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயக் கணக்கு. 'டச் பேஸ்' என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் வேலை கிடைத்தால் இவை அடிக்கடி காதில் விழும். ஒரே சொல் இரு நாடுகளிலும் நேர் எதிராக இருப்பதும் உண்டு. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் வெகுநேரம் மல்லுக்கட்டி, கடைசியில் இருவரும் கேட்டது ஒன்றே என்று கண்டுகொண்டதைச் சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வு எழுதுபவர்களுக்கு உங்கள் பட்டியல் உதவும். அங்கே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பேட்டிகளைக் கேளுங்கள். ஒரு தொடர் மூன்று முறை காதில் விழுந்தால் மட்டும், சொன்னவர் யார், யாரிடம் சொன்னார் என்பதோடு நோட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு இருபது சேர்ந்தாலே பெரிய விஷயம்.

சரி, இன்டர்வியூ? அங்கே மரபுத்தொடர் ஒன்றுகூடத் தேவைப்படாது. 'இது எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்பதை நேரான, எளிய ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.