மூன்று தெருவில் மூன்று குழந்தைகள்: ரத்தப் புற்றுநோய் பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலுமாக எட்டு ஆண்டில் மூன்று குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய். இந்த வட்டாரத்தில் தேசிய சராசரியைப்போல் 24 மடங்கு என்று முன்பே பத்திரிகையில் வந்தது. பெட்ரோலிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதானே காரணம்?
– வாசகி, மெர்பேங்க், டர்பன்

அந்த 24 மடங்கிலிருந்தே தொடங்குவோம். 2000-ஆம் ஆண்டு டர்பனின் ‘மெர்க்குரி’ நாளிதழில் வந்த எண் அது. ஒரு பேட்டையில் நோயுற்ற குழந்தைகளைத் தேடித்தேடி எண்ணி, அதை நாட்டின் சராசரியோடு வைத்துப் பார்த்தால் மடங்கு எப்போதுமே பெரிதாகத்தான் வரும். தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறுவது மருத்துவமனை வரை வந்து உறுதியான நோய் மட்டுமே. உள்நாட்டுக் கிராமத்தில் ‘காய்ச்சல், ரத்தசோகை’ என்று இறந்துபோன குழந்தை அந்தக் கணக்கிலேயே இல்லை. இதனால் நாளிதழ் பொய் சொன்னது என்று ஆகாது. ஒப்பிட்ட அளவுகோல் குட்டையானது, அவ்வளவுதான்.

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பதிவு ஒழுங்காக நடக்கும் நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 40 முதல் 45 பேருக்கு லுக்கிமியா (குழந்தைகளுக்கு வரும் முக்கிய ரத்தப் புற்றுநோய்) வருகிறது. 6,000 குழந்தைகள் வாழும் ஒரு பேட்டையில் பத்து ஆண்டுக்கு 2.7 பேர் எதிர்பார்க்கலாம். வெறும் தற்செயலிலேயே அங்கு ஆறோ அதற்கு மேலோ வருவதற்கு வாய்ப்பு நூற்றில் ஆறுக்குச் சற்றுக் குறைவு. அதாவது இப்படி நூறு பேட்டை இருந்தால், காற்று எல்லாவற்றிலும் சுத்தமாகவே இருந்தாலும், ஐந்தாறு பேட்டைக்காரர்கள் ‘எங்கள் ஊரில் ஏதோ இருக்கிறது’ என்று அலறுவார்கள். அவர்கள் அலறுவதில் தவறில்லை. எந்தப் பேட்டையில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்பதை இந்த எண் மட்டும் சொல்லிவிடாது.

எண்ணத் தொடங்குமுன் எல்லையை முடிவு செய்துகொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கின் வார்டு எல்லை நல்லது. நோய் வந்த வீடுகளைப் பார்த்த பிறகு கோடு போட்டால் எந்த ஊரிலும் ‘கொத்து’ கிடைக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் நோயின் சரியான பெயர், கண்டுபிடித்த தேதி, அன்றைய வயது, தாய் கருவுற்றிருந்தபோது இருந்த முகவரி, நோய் கண்டபோது இருந்த முகவரி ஆகியவை வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த முகவரி விஷயத்தில்தான்: இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். மாமாவின் லிம்ஃபோமா, பாட்டியின் மைலோமா போன்ற வேறு வகை ரத்தப் புற்றுநோயெல்லாம் இந்தப் பட்டியலில் சேராது. நிணநீர் வகை லுக்கிமியாவையும் மைலாய்டு வகையையும் தனித்தனியே எழுதுங்கள். பெட்ரோலிலிருந்து ஆவியாகும் பென்சீனுக்கு எதிரான சான்று மைலாய்டு வகையில்தான் வலுவானது. குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வருவதோ நிணநீர் வகை.

இவ்வளவு செய்தும் விடை கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ஃபாலன் என்ற சிற்றூரில் 1997 முதல் சில ஆண்டுகளுக்குள் 16 குழந்தைகளுக்கு லுக்கிமியா. தற்செயல் என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. தண்ணீரில் ஆர்செனிக், உடலில் டங்ஸ்டன் என்று தேடியும் காரணம் இதுதான் என்று நிறுவ முடியவில்லை. மாசசூசெட்ஸின் வோபர்ன் நகரில் மட்டும் கதை வேறு: டிரைகுளோரோஎத்திலீன் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் கலந்த இரண்டு கிணறுகள் 1979-இல் மூடப்பட்டன. அந்தத் தண்ணீரைக் கர்ப்ப காலத்தில் குடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கு நோய் கூடுதலாக வந்ததைப் பின்னாளில் மாநில ஆய்வு காட்டியது. அங்கேயும் எண்ணிக்கை சிறியதே.

ஆகவே உங்கள் போராட்டத்தை லுக்கிமியா எண்ணிக்கையின் மேல் கட்டாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆலைக்காரர்களின் வழக்கறிஞர்களுக்குப் பிடித்த களம் அது. பென்சீன் புற்றுநோய்க் காரணி என்பதில் சண்டையே இல்லை. நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் 2015 ஜனவரி முதல் அதன் ஆண்டுச் சராசரிக்கு ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. எஞ்சன் ஆலை 2020 டிசம்பர் தீ விபத்தோடும், சாப்ரெஃப் ஆலை 2022-லும் சுத்திகரிப்பை நிறுத்தின என்றாலும் தொட்டி, லாரி, குழாய் இருக்கிற இடத்தில் ஆவி உண்டு. கந்தக டை ஆக்சைடை அளக்கும் நிலையம் பென்சீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘பென்சீன் அளந்தீர்களா, எத்தனை நாள், ஆண்டுச் சராசரி என்ன’ என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதில் வரும்வரை உங்கள் குடியிருப்போர் சங்கமே காற்றிலுள்ள பென்சீனை உறிஞ்சிக்கொள்ளும் சிறு குழாய்களைக் கட்டி அளக்கலாம். இரண்டு வாரம் தொங்கவிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். கார் கொட்டகைக்கோ ஜெனரேட்டருக்கோ அருகில் கட்டினால் உங்கள் காரைத்தான் அளந்தவர்கள் ஆவீர்கள். திறக்காத ஒரு குழாயைக் கூடவே எடுத்துச் சென்று திருப்பி அனுப்புங்கள். அதிலும் பென்சீன் வந்தால் மற்ற எண்களை நம்ப முடியாது. டர்பனில் குளிர்காலத்தில் புகை தரையோடு தங்கும். கோடையில் மட்டும் அளந்தவர்கள் ஏமாறுவார்கள்.

நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். நான்கு வயது மகனுக்கு நிணநீர் வகை லுக்கிமியா. ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்கிறார் மாமியார். இளையவளுக்கும் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

மாமியாரிடம் சொல்லுங்கள்: பரம்பரையாக வந்த தெளிவான மரபணுப் பழுது இந்த நோயுள்ள குழந்தைகளில் நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவாகவே தெரியவருகிறது. பெரும்பாலும் முதல் மாற்றம் கருவில் இருக்கும்போதே, ஒரே ஒரு ரத்த அணுவில், யாருடைய குற்றமும் இல்லாமல் நிகழ்கிறது. அடிக்கடி காணப்படும் அப்படியொரு மரபணு ஒட்டு (இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது), பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரை இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே பிறகு இரண்டாவது மாற்றம் சேர்ந்து நோயாகிறது.

ஏ.ஆர்.ஐ.டி.5பி., ஐ.கே.இசட்.எஃப்.1 போன்ற மரபணுக்களில் பலருக்கும் உள்ள சிறு வேறுபாடுகளும் உண்டு. அவை வாய்ப்பை ஒன்றரை மடங்குபோலக் கூட்டும். அதாவது இரண்டாயிரத்தில் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ ஆயிரத்து முந்நூற்றில் ஒன்றாகிறது. இதற்காகத் தபாலில் எச்சில் அனுப்பிச் சோதனை வாங்குவது பணத்துக்குக் கேடு.

சொந்தத் திருமணத்தில் கவனிக்க வேண்டியது வேறு. இரு பக்கமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதடைந்த பிரதி சேர்ந்தால் ஃபான்கோனி ரத்தசோகை, அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா போன்ற பரம்பரை நோய்கள் வரலாம். இரண்டும் ரத்தப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும். மகன் வயதுக்குக் குள்ளமா, கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ இருக்கிறதா, தோலில் காப்பி நிறத் திட்டுகள் உண்டா, நடையில் தள்ளாட்டமா, நோய்க்கு முன்பே அணு எண்ணிக்கை குறைந்திருந்ததா என்று புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபான்கோனி இருந்தால் வழக்கமான அளவு கீமோ உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் இருந்தால் குரோமோசோம் முறிவுச் சோதனையை உடனே செய்யக் கேளுங்கள். இந்த அடையாளங்கள் எதுவும் இல்லையென்றால் இளையவளுக்குச் சோதனை தேவையில்லை. மஜ்ஜை கொடுக்க அவளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் அவளையும் பார்க்க வேண்டும்.

ஒரே முகமுள்ள இரட்டையரில் ஒருத்திக்கு மூன்று வயதில் வந்துவிட்டது. மற்றவளுக்கு?
– வாசகர், ஃபீனிக்ஸ்

இருவரும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்திருந்தால், ஒருத்தியின் ரத்தத்தில் தோன்றிய, மாற்றமடைந்த அணு மற்றவளுக்கும் போயிருக்கலாம். இந்த வயதில் மற்றவளுக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் பத்தை ஒட்டியது. ஒரு வயதுக்குள் வரும் வகையாக இருந்தால் ஏறக்குறைய நிச்சயம் என்பார்கள், உங்களுடையது அதுவல்ல. இப்போதே ஒரு முழு ரத்த எண்ணிக்கை எடுத்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். முன்கூட்டியே மருந்து கொடுப்பது கிடையாது.

வீட்டில் கரப்பான் மருந்து அடிப்பதால் வருமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வீட்டுக்குள் பூச்சிமருந்து தெளித்த குடும்பங்களின் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தவிர்ப்பது எளிது. ஜெல் மருந்தை உளுந்தளவு பொட்டுகளாகக் குளிர்பெட்டியின் பின்புறத்திலும் அலமாரிக் கீல்களிலும் வையுங்கள். அதன்மேல் ஸ்பிரே அடித்தால் பூச்சி ஜெல்லைத் தொடாது. எல்லாரும் சொதப்புவது இதில்தான். சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் கறுப்புக் குருணை வேண்டவே வேண்டாம். டெர்புஃபாஸ் போன்ற அந்த நஞ்சுக்கு லுக்கிமியா வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே கொல்லும். பெட்ரோல் கேனையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

பராமரிப்புச் சிகிச்சையில் மெர்காப்டோபூரின் மாத்திரை. வெள்ளணு அடிக்கடி பாதாளத்துக்குப் போகிறது.
– வாசகி, லெனேசியா

இந்த மருந்தை உடல் கையாளும் விதத்தைத் தீர்மானிக்கும் என்.யு.டி.டி.15 மரபணுவைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அதே வேலையுள்ள டி.பி.எம்.டி. என்ற மரபணுவை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று விடுவதுண்டு. இந்திய வம்சாவளியினரிடம் பழுது அதிகம் காணப்படுவது என்.யு.டி.டி.15-இல். இரு பிரதியும் பழுதானால் தொடக்க அளவே ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம் என்கிறது வழிகாட்டி; வழக்கமானது 75. மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் தலைமுடி மொத்தமாகக் கொட்டினால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும்?
– வாசகர், டோங்காட்

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளிறிய உதடு, அடிபடாத இடத்தில் நீலக் கன்றல், தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், ஓடியாடிய குழந்தை காலை ஊன்ற மறுப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் கிளினிக்கில் அன்றே முழு ரத்த எண்ணிக்கையும் கண்ணாடித் துண்டில் ரத்தப் பூச்சும் கேளுங்கள். அந்த முடிவு வருமுன் மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சிரப் கொடுக்க வந்தால், முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அந்த மருந்து லுக்கிமியா அணுக்களைச் சில வாரம் கரைத்துவிடும். குழந்தை தேறியதுபோல் தெரியும், மஜ்ஜைச் சோதனையிலும் நோய் பிடிபடாமல் போகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் எத்தனை மில்லி என்று குழந்தையின் ‘ரோடு டு ஹெல்த்’ என்ற கிளினிக் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.