ஹூஸ்டனில் பாழடைந்த வீட்டு வரிசை எப்படிக் கறுப்பினக் கலை மையமாக வளர்ந்தது?

நீங்கள் கேட்பது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மூன்றாவது வார்டு என்ற பகுதியில் உள்ள 'ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்ற கலைத் திட்டம் பற்றி. 1993இல் ரிக் லோவும் இன்னும் ஆறு கறுப்பினக் கலைஞர்களும் அங்கே கேட்பாரற்றுக் கிடந்த 22 'ஷாட்கன்' வீடுகளைக் கையில் எடுத்தார்கள். ஷாட்கன் வீடு என்றால் குறுகலானது. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், வாசலில் நின்றால் கொல்லைப்புறக் கதவு தெரியும். ஊரார் வறுமையாகப் பார்த்த அந்த வீடுகளை ஓவியர் ஜான் பிக்கர்ஸ் தன் படங்களில் கௌரவமாக வரைந்திருந்தார். லோவுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

சரி, வளர்ந்தது எப்படி? அந்த வீடுகளில் வைத்த கலைக் கண்காட்சியோடு மட்டும் நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அப்புறம் 1996இல், தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்கள் தங்கிப் படிக்கச் சில வீடுகளை ஒதுக்கினார்கள். என் கணிப்பில் அதுதான் திருப்பம். பின்னாளில் இந்தத் திட்டம் 39 கட்டடங்களாகப் பெருகியது. 2014இல் லோவுக்கு, படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நிதி நல்கையும் கிடைத்தது. சுற்றிலும் ஏறும் நிலவிலைதான் இப்போது தலைவலி.