அடைத்த கடன் நிலுவையில் நின்றால்

கேள்வி: இருசக்கர வாகனக் கடனை 2021-இல் முழுவதுமாக அடைத்து, பாக்கி இல்லை என்று கடன் தந்த நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றும் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டால், ‘சிபில் ஸ்கோர் குறைவு’ என்று வங்கியில் மறுக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. என்ன செய்வது?

பதில்: காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள், வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-இன் 21-ஆம் பிரிவின்படி, கடனுக்கு விண்ணப்பித்தவர் தம்மைப் பற்றி அந்த வங்கி பெற்ற கடன் தகவலின் நகலைக் கேட்டுப் பெறலாம்.

நாம் கடனைத் திருப்பிக் கட்டிய விவரங்களைத் தொகுத்து அறிக்கையும் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணும் தருபவை கடன் தகவல் நிறுவனங்கள்; சிபில் மட்டுமன்றி, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் இத்தகையவையே. நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. நான்கையும் எடுத்து, வாகனக் கடன் பற்றிய பகுதியை நிதானமாகப் பாருங்கள். ‘கணக்கு முடிக்கப்பட்ட தேதி’ என்ற இடம் காலியாக இருந்து, நிலுவைத் தொகையில் சில நூறு ரூபாய் நின்றால், கடைசித் தவணைக்குப் பிறகு சேர்ந்த ஏதோ ஒரு கட்டணம் இன்றும் தவறிய தவணையாகக் கணக்கில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. என்னிடம் வரும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தடையின்மைச் சான்றின் நகலை இணைத்து, கடன் தந்த நிறுவனத்துக்கும் தவறான பதிவைக் காட்டும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் புகார் அனுப்புங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ‘ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களை நாட வேண்டாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆனால், ஸ்கோரைக் கணக்கிடும் முறை பற்றிய தகராறுகளுக்கு இந்த இழப்பீடு பொருந்தாது. ஒருவர் வீடு கட்டுவதையே தடுக்கக்கூடிய எண் எப்படி வந்தது என்பதை அவரிடமே மறைப்பது நியாயமல்ல என்பதும், இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. இன்றைய நிலையில், புகாரில் ‘என் ஸ்கோரை உயர்த்துங்கள்’ என்று எழுதாமல், ‘இந்த எண்ணுள்ள கடன் இந்தத் தேதியில் முடிந்துவிட்டது, நிலுவை என்ற பதிவு தவறு, திருத்துக’ என்று எழுதுங்கள். 30 நாட்கள் கடந்தும் தீராவிட்டால், புகார் எண்ணையும் நகல்களையும் இணைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன.