பழைய பிஎஃப் கணக்கை முடித்துப் பணம் எடுக்கலாமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். வயது 41. ஒன்பது வருடத்தில் மூன்று ஏஜென்சி மாறிவிட்டது, வார்டு மட்டும் மாறவில்லை. சம்பளம் 12,000 ரூபாய் என்கிறார்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ போக கைக்கு வருவது 9,030. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பழைய ஏஜென்சிகளின் பிஎஃப் கணக்கை முடித்துப் பணம் எடுக்க நினைக்கிறேன். கமிஷன் கொடுத்தால் எடுத்துத் தருவதாக சூப்பர்வைசர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: முடிக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த 9,030 கணக்கைப் பார்த்துவிடுவோம். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

12,000 ரூபாய்க்கு உங்கள் பிஎஃப் பங்கு 12%, அதாவது 1,440. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75%, அது 90 ரூபாய். இரண்டும் போனால் 10,470 கைக்கு வர வேண்டும். குறைவது சரியாக இன்னொரு 1,440. ஏஜென்சி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கையும் உங்களிடமே பிடிக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. முதலாளியின் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்க பிஎஃப் விதிகளில் இடமே இல்லை. ‘காண்ட்ராக்ட்டுன்னா அப்படித்தாம்மா’ என்பார்கள். நம்பாதீர்கள். மருத்துவமனைக்கு ஏஜென்சி அனுப்பும் பில்லில் சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் தனித்தனி வரியாகப் போட்டு வாங்குவதுதான் வழக்கம். அப்படி வாங்கியிருந்தால் ஒரே தொகையை இரண்டு பக்கமும் வசூலிக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் மட்டும் வருடத்துக்கு 17,280 ரூபாய் போகிறது. மகளின் கட்டணத்தில் ஒரு பகுதி அங்கேயே இருக்கிறது!

மகளை விட்டு மத்திய அரசின் உமங் செயலியில் உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகை இருக்கும்: உங்கள் பங்கு 1,440, முதலாளி பங்கில் பிஎஃப்புக்கு 440, ஓய்வூதியத்துக்கு 1,000. இதில் குறைந்தாலோ, சில மாதங்கள் காலியாக இருந்தாலோ குறித்து வையுங்கள். பிறகு சம்பள ஸ்லிப்போடு மருத்துவமனையின் எச்ஆரிடம் போங்கள். தனியாகப் போனால் மறுநாளே ஷிப்ட் மாறும். வார்டில் நாலைந்து பேராகப் போங்கள். ஏஜென்சி பிஎஃப் கட்டாமல் விட்டால் அதற்கு மருத்துவமனையும் பொறுப்பு, ‘அது அவங்க விஷயம்’ என்று கைகழுவ முடியாது. அங்கே நடக்கவில்லையா, பிஎஃப் அலுவலகம் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறது, அங்கே எழுதிக் கொடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. பிஎஃப் கணக்கில் பணத்தோடு ஓய்வூதியத்துக்கான வருடங்களும் சேர்கின்றன. மொத்தம் பத்து வருடம் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. மூன்று ஏஜென்சிகளிலும் விடாமல் கட்டியிருந்தால் உங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. படிவம் 10சி போட்டுப் பழைய ஓய்வூதியப் பணத்தை எடுத்தால் அந்த வருடங்கள் அழிந்துபோகும். இப்போதைய ஏஜென்சியில் சேர்ந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். எடுக்காமல் 58 வரை வேலை பார்த்தால் 26 வருடம். இருபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடம் கூட்டிக் கணக்கிடுவார்கள். சம்பளம் இதே 12,000 என்று வைத்தால்கூட, அதை 28ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 4,800 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் முதுகு வளையாத வயதில் மாதாமாதம் வரும்.

ஆகவே பழைய கணக்குகளை இப்போதைய கணக்குக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு ஏஜென்சியும் தனி யுஏஎன் (பிஎஃப்பில் ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய எண்) போட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும். பழைய ஏஜென்சி நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருக்கும், பெரும்பாலும் விட்டுத்தான் இருப்பார்கள். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அதை நீங்களே இணையத்தில் பதியலாம். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. சூப்பர்வைசரிடம் ஓடிபி சொல்லவே சொல்லாதீர்கள்.

மாற்றி முடித்ததும், பிள்ளைகள் படிப்புக்கான முன்பணம் கேட்டுப் படிவம் 31 போடலாம். பென்ஷன் வருடங்களை அது தொடாது. மீதிக்கு வங்கிக் கல்விக் கடன்; நான்கு லட்சம் வரை பிணையம் கேட்கமாட்டார்கள். வட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

அப்புறம் அந்த 90 ரூபாய் ஈஎஸ்ஐ. நீங்கள் உடம்பு முடியாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70% வரை, வருடத்தில் 91 நாட்களுக்குக் கிடைக்கும். ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளை டப்பாவில் போட வேண்டும், யாரோ மஞ்சள் பையில் போட்டுவிடுவார்கள், பையைத் தூக்குகிறவர் கையில் குத்தும். குத்தினால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டு ஈஎஸ்ஐ மருத்துவரைப் பாருங்கள். வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவானால்தான் லீவு நாட்களுக்கு 90% கிடைக்கும். மருத்துவக் கழிவைக் கையாள்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது 2016 விதிகளின்படி மருத்துவமனையின் கடமை. அதற்கென்று ஸ்லிப்பில் ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.