கோர்பூட் ஏற்றிய கணினியில் விண்டோஸ் ஓடாதா?

கேள்வி: என் பழைய மடிக்கணினியில் தயாரிப்பாளரின் பயாஸை (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பழுதுபார்ப்பவர் ஒருவர் கோர்பூட் ஏற்றித் தந்தார். லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. இப்போது பணிக்காக விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கு மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. பென்டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவ முயன்றால் கறுப்புத் திரைதான் வருகிறது. பழைய பயாஸைத் திரும்ப ஏற்ற வேண்டும், புதிய உரிமச் சாவியும் வாங்க வேண்டும் என்கிறார் அவர். இரண்டும் அவசியமா?

பதில்: முதலாவது அவசியமில்லை. இரண்டாவது, பயாஸ் எழுதப்பட்டிருந்த சிப்பின் பழைய நகலை அவர் பத்திரப்படுத்தினாரா என்பதைப் பொறுத்தது. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

கோர்பூட்டின் வேலை மிகச் சிறியது. கணினியை முடுக்கியதும் செயலியையும் நினைவகத்தையும் பிற பாகங்களையும் எழுப்பிவிட்டு, மீதிப் பொறுப்பைப் பேலோட் எனப்படும் வேறொரு நிரலிடம் ஒப்படைத்துவிடும். 1999-இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இது தொடங்கியபோது இதன் பெயரே லினக்ஸ்பயாஸ். லினக்ஸைக் கிளப்ப, அதன் மையப் பகுதியான கெர்னலை நேராக நினைவகத்தில் ஏற்றும் கிரப் என்னும் பேலோட் மட்டுமே போதும். விண்டோஸுக்கு அது போதாது. பழைய பயாஸ் சேவைகளையோ, பயாஸுக்கு அடுத்து வந்த முறையான யூஇஎஃப்ஐயின் சேவைகளையோ யாராவது தந்தால்தான் அது கிளம்பும். முதலாவதைத் தருவது சீபயாஸ் என்னும் பேலோட், இரண்டாவதைத் தருவது இடிகே2.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய, கணினியை முடுக்கியவுடன் திரையைப் பாருங்கள். சீபயாஸ் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத்தில் காட்டும். இடிகே2 என்றால் அமைப்புகளை மாற்றும் பட்டியல் ஒன்றுக்குள் நுழைய முடியும். இரண்டும் இல்லாமல் நேரே லினக்ஸ் பட்டியல் வந்தால் அது பெரும்பாலும் கிரப். சீபயாஸ் இருந்தும் திரை கறுத்தால், திரையட்டையை எழுப்பும் தயாரிப்பாளரின் நிரலான விஜிஏ ரோம் சேர்க்கப்படவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். லினக்ஸ் அது இல்லாமலே திரையை இயக்கிக்கொள்ளும், விண்டோஸ் தடுமாறி நின்றுவிடும். எப்படியாயினும் உங்கள் மாதிரிக்குரிய கோர்பூட்டை இடிகே2 பேலோடுடன் மீண்டும் ஏற்றுவதே நல்ல தீர்வு; கோர்பூட் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் மூடியைக் கழற்றாமல் லினக்ஸிலிருந்தே, சிப்பில் எழுதும் ஃப்ளாஷ்ராம் நிரல் கொண்டு இதைச் செய்துவிடலாம். ஆனால் பழைய பயாஸ் முறையில் நிறுவப்பட்ட லினக்ஸ் அதன்பின் கிளம்பாது என்பதால், கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

"பழைய பயாஸை ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தக் கோப்பிலிருந்து ஏற்றுவார்? கோர்பூட் ஏற்றுமுன் அசல் சிப்பை இருமுறை படித்து, இரண்டு நகல்களும் ஒன்றா என்று ஒப்பிட்டு, அந்தக் கோப்பை உரிமையாளரிடம் கொடுப்பதே முறை. பலர் இதைச் செய்வதில்லை. கேட்டால், அதே மாதிரிக் கணினியின் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி எழுதிவிடுகிறார்கள். அது யாரோ ஒருவருடைய கணினியின் நகல். அதில் அவருடைய வரிசை எண் இருக்கும், பல மாதிரிகளில் கம்பிவழி வலையில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் இருக்கும், அவருடைய விண்டோஸ் சாவியே கூட இருக்கலாம். இன்னும் சிலர், 3.3 வோல்ட் சிப்பின் கால்களில் 5 வோல்ட் செலுத்தும் மலிவான புரோகிராமரை (சிப்பில் எழுதும் கருவி) மாட்டிவிட்டு, சிப் போனபின் அது கோர்பூட்டின் குற்றம் என்பார்கள்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸுடன் விற்கப்படும் கணினிகளில் 25 எழுத்துச் சாவி ஒட்டுத்தாளில் இல்லை. பயாஸ் போன்ற, சிப்பிலேயே உறையும் நிரலான ஃபர்ம்வேர் தரும் எம்எஸ்டிஎம் என்னும் அட்டவணையில் இருக்கிறது. கோர்பூட் வந்ததும் அந்த அட்டவணை மறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை வாங்கியவர் கண்ணில் படாத இடத்தில் எழுதிவைத்துவிட்டு, அது அழிந்தால் அவரையே அலையவிடும் இந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் நியாயம் என்று ஏற்றதில்லை. அசல் நகல் கையில் இருந்தால், அதிலிருந்து சாவியைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். நிறுவும்போது கையால் தட்டினால் போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதே கணினியில் விண்டோஸ் 10 முன்பே செயல்படுத்தப்பட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் சேவையகத்தில் அதன் டிஜிட்டல் உரிமம் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை, அதாவது ஹோம் என்றால் ஹோமையே, புரோ என்றால் புரோவையே நிறுவினால், சாவி கேட்காமலே அது செயல்பட்டுவிடக்கூடும். "கூடும்" என்று சொல்லக் காரணம், அந்தப் பதிவு வன்பொருளின் அடையாளங்களோடு பிணைந்தது. கோர்பூட்டோ தாய்ப்பலகையின் வரிசை எண்ணையும் பிற அடையாளங்களையும் வேறுவிதமாகவோ வெறுமையாகவோ காட்டலாம். ஆகவே முதலில் "என்னிடம் சாவி இல்லை" என்பதைத் தேர்ந்து நிறுவுங்கள். இணையத்தில் இணைத்துப் பாருங்கள். செயல்படாவிட்டால், முன்பு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்திருந்தால் அதே கணக்கில் நுழைந்து, செயல்படுத்தலுக்கான சிக்கல்தீர்ப்பியை ஓடவிடுங்கள். இவ்வளவும் பலிக்காத பின்புதான் புதிய சாவியைப் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

இன்னொரு தொல்லை பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, அங்கீகரித்த பட்டியலிலுள்ள செயலி எல்லாம் கேட்கிறது. இன்டெலில், சில விதிவிலக்குகள் தவிர, அந்தப் பட்டியல் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. கோர்பூட் எளிதாக ஏறுவதோ 3-ஆம் தலைமுறை வரையிலான பழைய கணினிகளில். 4-ஆம் தலைமுறையிலிருந்து பூட் கார்ட் என்னும் பூட்டு வந்துவிட்டது. தயாரிப்பாளர் அதைப் பூட்டிவிட்டால், விலைக்கு வாங்கியவர் தன் கணினியின் ஃபர்ம்வேரைத் தானே மாற்ற முடியாது. இந்தத் தகுதிச் சோதனைகளை முடக்கிய "தயார் விண்டோஸ் 11" பென்டிரைவை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அதற்குள் வேறென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களால் சரிபார்க்க முடியாது.

ஒரே ஒரு கணக்கு மென்பொருளுக்காக என்றால், உங்கள் இடத்தில் நான் ஃபர்ம்வேரைத் தொடவே மாட்டேன். லினக்ஸிலேயே உள்ள கேவிஎம் வசதி கொண்டு மெய்நிகர் கணினி (மென்பொருளாகவே இயங்கும் கணினி) ஒன்றை அமைத்து, அதற்குள் விண்டோஸை நிறுவுவேன். அங்கே யூஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0 இரண்டையுமே மென்பொருளாகத் தந்துவிடலாம், வெளியே எந்தப் பேலோட் இருந்தாலும் விண்டோஸுக்குத் தெரியாது. 8 ஜிபி நினைவகமாவது இருந்தால் வசதி. அந்த மெய்நிகர் கணினிக்குத் தனி உரிமம் வேண்டும் என்பது உண்மை. அதைப் பழுதுபார்ப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. அவரிடம் நீங்கள் வாங்க வேண்டியது உங்கள் அசல் சிப்பின் நகலைத்தான்.