கார் மெக்கானிக் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

கடன் வாங்கி ஒரு வருடப் படிப்பில் சேரலாமா, நேரே ஒர்க்‌ஷாப்பில் உதவியாளாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு மட்டும் என்றால் கடன் வேண்டாம்; அதெல்லாம் கூலி வாங்கிக்கொண்டே பழகலாம். எலக்ட்ரிக்கல் பழுது கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தால்தான் அந்தக் காசு தகும்.

பணம் கட்டும் முன் லேபைப் பாருங்கள். ஒரு காரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் எட்டுப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காரில் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் (CAN) லைன் ஒயர் இரண்டுக்கும் நடுவே அளந்தால் பொதுவாக 60 ஓம் வர வேண்டும், 120 வந்தால்? முனைகளில் உள்ள இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மீட்டர் வைத்தே காட்டினால் தாராளமாகச் சேருங்கள். டூல்ஸ் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.